‘வழக்கம்’ என்று நான் குறித்த படிவம்

போன வாரக் கூட்டத்தில், எனக்குப் பிறகு இந்த வேலையைப் பார்க்கப்போகும் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, படிவத்துல ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் போதாதா? மூணாவதா எதுக்கு ஒண்ணு? டாக்டர் அதுக்கு மார்க்கே போடறதில்லையே." மற்றவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். சரியான பதில் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். உங்களில் பாதிப் பேருக்குக் கூடுவாஞ்சேரி ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த மாதம் நான் அரசுப் பள்ளி வேலைக்குப் போகிறேன். குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கிற இந்தச் செங்கல்பட்டு மையத்தில் பத்து வருடம் முடிந்துவிட்டது. குழந்தைகளை எப்படிப் பரிசோதிப்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் கோப்புகளில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கோப்பில் இல்லாத ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போக நினைக்கிறேன். அது நான் செய்த ஒரு தப்பு. அதை முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். பன்னிரண்டாவது முடித்து, சென்னையில் சிறப்புக் கல்வி டிப்ளமா படித்துவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கியபோது என் நடையே மாறிவிட்டது என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னது சரி. இன்றைக்கும் அந்த நடையை நான் விட்டுவிடவில்லை.

அப்போது ஆட்டிசம் என்ற சொல்லையே இந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு சுகாதார நிலையத்தில் நான் அரை மணி நேரம் விளக்கிய பிறகு அங்கிருந்த நர்ஸ், "ஆஸ்துமாவா? அதுக்கு இங்கியே மாத்திரை இருக்கேம்மா" என்றார்.

எங்களுக்குக் கொடுத்த படிவம் வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சென்னையில் யாரோ அதைத் தமிழாக்கியிருந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதில் இருந்த தமிழை எந்த அம்மாவும் பேசிக் கேட்டதில்லை. "உங்கள் குழந்தை பாவனை விளையாட்டில் ஈடுபடுகிறதா?" என்று ஒரு மீனவர் குப்பத்தில் படித்துக் காட்டினேன். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பாவம்மா அது, அதெல்லாம் ஆடாது" என்றார். "கண்ணோடு கண் நோக்குகிறதா?" என்ற கேள்விக்கு இன்னொருவர், "பெத்தவகிட்டயே கண்ண உருட்டிக் காட்டுனா வுட்டுருவனா? இன்னா பேசுற நீ!" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மகன் நன்றாகத்தான் இருந்தான். படிவத்தில் அதற்கு ‘இல்லை’ என்று விழுந்திருக்கும்.

மாதம் இரண்டு சனிக்கிழமை சென்னையிலிருந்து வரும் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் நல்லவர், அவசரக்காரர். வேறொரு நாட்டில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பவர்களுக்கும் இதே தலைவலிதான் என்றார். கேட்பவர்கள் ஒரு வாழ்க்கையை மனதில் வைத்துக் கேட்கிறார்கள், பதில் சொல்பவர்கள் வேறொரு வாழ்க்கையிலிருந்து சொல்கிறார்கள். "அங்கல்லாம் அந்த ஊர்க்காரங்களையே வேலைக்கு வெச்சுக்கறாங்க. நமக்கு நீ இருக்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊர்க்காரி என்பதே ஒரு தகுதி என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

தேவகியை நான் பார்த்தது அதற்கு அடுத்த வாரம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற சாலையில் ஒரு காலனி. அங்கே பால்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கிற நாள். பால்வாடி டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தேவகி பொண்ண ஒரு தபா பாரேன். கூப்டா திரும்ப மாட்டேங்குது. காது கீது போச்சான்னும் தெரியல."

தேவகிக்கு என் வயதுதான் இருக்கும், இருபத்திரண்டு. கணவர் ஏழுமலை மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. குழந்தைக்கு இரண்டு வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. பதிவேட்டில் பெயர் கன்னியம்மா. தரையில் உட்கார்ந்து பாயின் ஓரத்து நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியம்மா!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. திரும்பவில்லை. ஆனால் ஒரு தட்டு கீழே விழுந்தபோது சட்டென்று பார்த்தாள். அப்படியானால் காது கேட்கிறது. விரலால் எதையாவது காட்டுவாளா என்று கேட்டேன். இல்லை என்றாள் தேவகி. முகத்தைப் பார்ப்பாளா? இல்லை. பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஏதாவது விளையாட்டு? இல்லை. நான்கு ‘இல்லை’. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

"செங்கல்பட்டுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்" என்று படிவத்தின் தமிழிலேயே சொன்னேன்.

தேவகி அழவில்லை. "அப்போ நான் நெனச்சது சரிதானா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

"கடைசியாக ஒருமுறை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றேன். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் சொன்னேன். பால்வாடி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவ எப்டிம்மா கூப்டுவா? அது அவ மாமியா பேரு! அந்தம்மா செத்து வருசம் திரும்பறதுக்குள்ள இது பொறந்துச்சு. ஏழுமல ஒத்தக் கால்ல நின்னு அவங்கம்மா பேர வெச்சிட்டான்."

"அப்ப வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நான் பாப்பாம்பேன். அவரு அம்மாம்பாரு. பக்கத்து வூட்டுல கண்ணும்பாங்க" என்றாள் தேவகி.

மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இது எனக்குத் தெரியாததா? ரேஷன் கடையில் கணவன் பெயர் கேட்டால் என் அம்மா என்னைத் தூக்கிக் கடைக்காரர் முன்னால் நிறுத்துவாள். அப்பா பெயரை நான்தான் சொல்வேன். ஆறு வயதில் எனக்கிருந்த முதல் உத்தியோகம் அது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, பிறந்ததிலிருந்து தன் பெயரையே காதால் கேட்காத ஒரு குழந்தையை அந்தப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறேன்!

சென்னையில் மொழிபெயர்த்தவர்களுக்கு இது தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்கு ‘இல்லை’யில் ஒன்று உதிர்ந்துவிட்டது. மற்ற மூன்றும் இப்படித்தான் இருக்கும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அங்கேதான் வழி தவறினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு வழி அப்போதுதான் திறந்த மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்கே போனேன். ஏழுமலையும் இருந்தார். கூரை மேல் சுரைக்கொடி படர்ந்து பூவும் பிஞ்சுமாக இருந்தது. விரலால் காட்டுவதைப் பற்றிக் கேட்டதும் ஏழுமலை அதைத்தான் காட்டினார், முகவாயைத் தூக்கி.

"பிஞ்சைப் பாத்து வெரல நீட்டுனா அது அழுவிப் போயிடும்மா. எங்க வூட்டுல எந்தப் புள்ளையும் வெரல நீட்டாது."

இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் பூசணிப் பிஞ்சைக் காட்டி அம்மாவிடம் நானும் அடி வாங்கியிருக்கிறேன். படிவத்தில் இருந்த ‘இல்லை’யைக் கோடு போட்டு அடித்தேன்.

முகத்தைப் பார்ப்பது பற்றிக் கேட்டேன். "பெரியவங்க மூஞ்சியப் பாத்து மொறைக்கற புள்ள எங்க வூட்டுல கெடயாது. எங்கம்மா பேர வெச்சதுக்கு எங்கம்மா மாதிரியே அடக்கம்" என்றார். அடித்தேன். விளையாட்டுக்கு, குழந்தை வாசலில் புளியங்கொட்டைகளை ஒரே வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பெருமையாகக் காட்டினார். "பல்லாங்குழி ஆடறா பாரு, இந்த வயசுலயே!" அதையும் அடித்தேன்.

கடைசியில் நானே "பாப்பா!" என்று கூப்பிட்டேன். குழந்தை திரும்பினாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள் என்றுதான் அன்றைக்கு எழுதினேன். அதே நொடியில் உள்ளே தேவகி எனக்குக் கொடுப்பதற்காக முறுக்கு டின்னின் மூடியைத் திறந்தாள். அந்தச் சத்தமும் என் காதில் இருக்கிறது. குழந்தை எதற்குத் திரும்பினாள்? எனக்கா, மூடிக்கா? எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

நான்கு கட்டத்திலும் ‘ஆம்’ என்று மாற்றி, பக்கத்தில் ‘வழக்கம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றார். "இதையெல்லாம் நாங்க எங்க போய்க் கத்துக்கறது!" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குறை எதுவும் தென்படவில்லை என்று ஒரு தாள் தயாரித்து அவர்களுக்குக் கொடுத்தோம். ஏழுமலை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேவகி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஒன்றேகால் வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை தேவகி தனியாக மையத்துக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. இறக்கி விட்டதும் மின்விசிறியைப் பார்த்துக் கைகளை உதறிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். ஒரு வார்த்தைகூடப் பேச்சு வரவில்லை. நான் கிட்டப் போனேன். என் வழியாக எதையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"காச்சல், ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துகிறேன்" என்றாள் தேவகி. "அவருக்குத் தெரியாது."

"இத்தனை நாளா ஏன் வரலை?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

"எப்டி வர்றது? நான் வாயத் தொறந்தா அந்தப் பேப்பர எடுத்து நீட்டுவாரு. சாமி படத்துக்குப் பின்னால வெச்சிகிறாரு, பிளாஸ்டிக் கவருல போட்டு. ‘படிச்ச பொண்ணு, நம்ம ஜனத்துப் பொண்ணு, நம்ம வூட்டுலயே குந்திப் பாத்து எழுதிக் குடுத்துது. உனுக்கு அதவிடத் தெரியுமா’ன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்லுவேன் டீச்சர்? அன்னிக்கே உங்கிட்ட கேட்டனே, நான் நெனச்சது சரிதானான்னு."

கேட்டாள்தான். பால்வாடியில், முதல் நாளே. கூடவே இருந்து பார்த்த ஒரே ஆள் அவள். அவள் பயத்தின் வாயை அடைக்க நான் முத்திரை குத்திய தாள் கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் ஒரு மணி நேரம் குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து பழைய படிவத்தை எடுக்கச் சொன்னார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. பெயர் சொல்லாத வழக்கம் உண்மை. பிஞ்சைக் காட்டாத வழக்கம் உண்மை. குழந்தைக்கு ஆட்டிசம் என்பதும் உண்மை.

"எப்படி சார்?" என்றேன்.

"எனக்கும் புரியலம்மா" என்றார். "நானும்தானே கையெழுத்துப் போட்டேன்." படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒருவேளை அப்ப இவ்வளவு தெரியாம இருந்திருக்கலாம்" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று தெரியவில்லை.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒன்று மட்டும் மெல்லப் பிடிபட்டது. குழந்தை கன்னியம்மா என்ற பெயருக்குத் திரும்பாதது எதையும் காட்டவில்லை. குறை இருக்கிறது என்று காட்டவில்லை. குறை இல்லை என்றும் காட்டவில்லை. அந்தக் கேள்வி அந்த வீட்டில் செல்லாது, அவ்வளவுதான். செல்லாத கேள்விக்கு நான் ‘ஆம்’ என்று பதில் எழுதியிருந்தேன். மறுநாள் ஸ்கேல் வைத்துப் படிவத்தில் மூன்றாவது கோடு போட்டேன். நீங்கள் கேட்ட கட்டம் இதுதான். ‘இந்த வீட்டில் இதைக் கேட்க முடியவில்லை.’ மார்க் கிடையாது. அதில் குறி போட்டால் அதே விஷயத்தை வேறு வழியில் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பலாம். வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

தேவகி போகும்போது கேட்டது ஒன்றுதான். "நீயே வந்து அவருகிட்ட சொல்லு. நீ எழுதுனத நீயே இல்லேன்னு சொன்னாத்தான் நம்புவாரு. இல்லன்னா பாப்பாவ இங்க அனுப்ப மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் ஏழுமலை லுங்கியைக் கட்டிக்கொண்டு சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா டீச்சரம்மா, நாஸ்தா ஆச்சா?" என்று எழுந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்: பாப்பாவைத் திங்கட்கிழமையிலிருந்து செங்கல்பட்டு மையத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டி வர வேண்டும். துணி கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா வெளாட்றியா? அன்னிக்கு ஒண்ணு எழுதுன. இன்னிக்கு ஒண்ணு சொல்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ?"

"அன்னிக்கு நான் எழுதினது தப்புண்ணா."

"அப்ப இன்னிக்குச் சொல்றது தப்பில்லன்னு எப்டித் தெரியும்?"

நியாயமான கேள்வி. படித்த கேள்வி என்றுகூடச் சொல்லலாம். டிப்ளமாவில் இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

"எங்கம்மாவும் இப்டித்தான்" என்றார். "யாரு மூஞ்சியயும் பாக்காது. கூப்டா திரும்பாது. நாலு புள்ளயப் பெத்து வளத்துச்சி. எங்கம்மா பைத்தியமா? சொல்லு."

"பைத்தியம்னு யாரும் சொல்லலண்ணா. இது பைத்தியம் இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு செங்கல்பட்டு?" குழந்தை சுவரோரம் கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் திரும்பி, "அம்மா! இங்க வா அம்மா! நைனாகிட்ட வா!" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. குரலை உயர்த்தினார். திரும்பவில்லை. "வெளாட்டு மும்முரம்" என்றார் என்னிடம்.

வாசற்படியில் நின்றிருந்த தேவகிக்கு என்ன வந்ததோ, தொண்டை கிழிகிற மாதிரி கத்தினாள்: "கன்னியம்மா! ஏய் கன்னியம்மா!"

பக்கத்து வீட்டு அம்மா அப்போதுதான் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றிருந்தார். "அடிப்பாவி! மாமியா பேரயா?" என்று வாயில் கை வைத்தார். ஏழுமலை திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். குழந்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த நிமிடத்தில் என் மனம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘பழக்கமில்லாத பெயர், எப்படித் திரும்புவாள்’ என்று மறுபடியும் ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தது. பழைய படிவத்தில் இருந்த அதே காரணம். அதே அளவுக்கு உண்மை. ஏழுமலை அதையே சொன்னார்: "அந்தப் பேர அது கேட்டதே இல்ல. எப்டித் திரும்பும்? கத்தாத போ உள்ள."

அவ்வளவுதான், திரும்பிப் போக வேண்டியதுதான் என்று பையை எடுத்துக்கொண்டேன்.

வேலியோரம் பாட்டியின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். கூரையில் தொங்கிய சுரைப் பிஞ்சைப் பார்த்தாள். கையை நீட்டினாள், ஆள்காட்டி விரல் நேராக. "ஆ! ஆ!" என்று பாட்டியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பிஞ்சைப் பார்த்தாள். பட்டென்று ஓர் அடி விழுந்தது கையில். "மடக்குடி வெரல! எத்தினி தபா சொல்றது உனுக்கு? காலைலேர்ந்து இதே பொழப்பா கீது." குழந்தை அழுதாள். அழுதுகொண்டே அடுத்த பிஞ்சைக் காட்டினாள்.

எனக்குத் தலைக்குள் ஏதோ இடம் மாறியது. படிவத்தின் தமிழ் மறந்துபோய், எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டேன்.

"அண்ணா, உங்க பாப்பா கையில எத்தினி தபா இப்டி அடிச்சிருப்பீங்க?"

"இன்னாத்துக்கு?"

"பிஞ்சக் காட்டுனதுக்கு."

"எங்க பாப்பாதான் காட்டவே..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தையின் கையைப் பாட்டி பிடித்து வைத்திருந்தார். அது மற்றக் கையை உருவிக்கொண்டு நீட்டியது. ஏழுமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் பையன நானே வெளுத்துகிறேன்" என்றார் மெதுவாக. யாரிடம் என்று தெரியவில்லை. "மூணு வயசு வரைக்கும். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிது." பிறகு தேவகியிடம், "இவள... ஒரு தபாகூட இல்லல்ல?" என்றார்.

"ஒரு தபாகூட இல்ல" என்றாள் தேவகி. "நான் காத்துகினே இருந்தேன். ஒரு தபா காட்டிட மாட்டாளா, அடிச்சிட மாட்டமான்னு."

எந்த வழக்கத்தையும் யாரும் பிறக்கும்போதே கொண்டு வருவதில்லை. தடுத்துத் தடுத்துத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. தடுக்க வேண்டியே இருந்ததில்லை என்றால், அங்கே அடக்கம் என்று ஒன்று இல்லை, வேறு ஏதோ இருக்கிறது. இப்போது நீங்கள் போகிற வீடுகளில் ‘காட்டுவானா’ என்று கேட்பதோடு, ‘காட்டக் கூடாதென்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்’ என்றும் கேட்கச் சொல்கிறேனே, அது இப்படிக் கிடைத்தது. ஆனால் எல்லா வீட்டுக்கும் இது சாவி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியும் செல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழுமலை உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மனசறிஞ்சு சொல்லு" என்றார். "அன்னிக்கே, ரெண்டு வயசுலயே நீ சரியாச் சொல்லிருந்தா, இன்னேரத்துக்கு என்ன நைனான்னு கூப்ட்டிருக்குமா?"

கூப்பிட்டிருக்கும் என்று சொன்னால் அவர் வாழ்நாளுக்கும் என்னை மன்னிக்க மாட்டார். தன்னையும் மன்னிக்க மாட்டார். கூப்பிட்டிருக்காது என்று சொன்னால், பிறகு எதற்குச் செங்கல்பட்டு என்பார். சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்கிறோம். அது எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துச் சொல்வது. அவர் கேட்டது ஒரு குழந்தையைப் பற்றி, ஒரு சொல்லைப் பற்றி. இரண்டு பதில்களில் எதை எடுத்தாலும் மறுபடியும் தெரியாத கட்டத்தில் பேனா வைக்கிற வேலைதான்.

"தெரியலண்ணா" என்றேன். "நெஜமாவே தெரியல. கூப்ட்டிருக்கலாம். இல்லாமயும் போயிருக்கலாம். போன ஒண்ணேகால் வருசம் என்னாலதான் போச்சு. அது மட்டும்தான் தெரியும்."

ஏழுமலை சைக்கிள் துடைத்த துணியை எடுத்து நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு குழந்தையின் பக்கத்தில் போய்க் குந்தினார். கூப்பிடவில்லை. தரையில் கிடந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவள் வரிசையின் கடைசியில் வைத்தார். குழந்தை அதைத் தள்ளிவிட்டாள். இன்னொன்றை எடுத்து வைத்தார். அதையும் தள்ளினாள். மூன்றாவதை அவள் தள்ளவில்லை. அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு இட்டாரணும்?" என்றார்.

"ஒன்பதரைக்கு."

"எனுக்குக் கம்பெனி பஸ்ஸு ஏழு மணிக்கு" என்றார். கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "ரெண்டாவது ஷிப்டு மாத்திக்கறேன். இவ தனியா அலைய வேணாம்."